அட்டை இல்லாத உழத்தி

உழவர் சந்தை என்ற பெயரை நாம் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையைத் திறந்தபோது கலைஞர் அரசு சொன்னது இதுதான்: விளைவிக்கிறவருக்கும் வாங்கித் தின்கிறவருக்கும் நடுவில் தரகர் வேண்டாம். பஞ்சாபில் 1987லேயே அப்னி மண்டி வந்திருந்தது. ஆந்திராவில் 1999 ஜனவரியில் ரைத்து பஜார். நம் சந்தைகள் 2001ல் ஆட்சி மாறியதும் கவனிப்பாரற்றுக் கிடந்தன; 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. இன்றைக்கு மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட சந்தைகள், மழையோ வெயிலோ, வருஷம் பூராவும் விடியக்கருக்கலில் திறக்கின்றன.

நல்ல திட்டம்தான். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று. உழவர் என்றால் யார்?

மதுரையில் இருக்கிற உழவர் சந்தைகளில் ஒன்றுக்கு நான் மூணு வருஷமாகப் போய் வருகிறேன். எது என்று எழுதப்போவதில்லை. எழுதினால் என் சின்னம்மா நாளைக்கு அங்கே உட்கார முடியாது. சின்னம்மா, என் அம்மாவின் தங்கச்சி. மேலூர்ப் பக்கத்துக் கிராமம். நாற்பது சென்ட் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கத்தரி, வெண்டை, அரைக்கீரை போடுகிறாள். முதல் நாள் பொழுது சாயப் பறித்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறாள். 2021ல் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மூட்டைக்கு உண்டு. அதற்குக் கண்டக்டரோடு தினம் ஒரு பேச்சு.

சந்தைக்குள் நடக்கிற வேலை இப்படி. அதிகாரிகள் விடிகாலையில் மொத்த மார்க்கெட் விலையை விசாரிக்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் மேலே, கடைத்தெருச் சில்லறை விலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு விலை வைத்துப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். அதற்கு மேலே யாரும் விற்கக் கூடாது. தராசு அவர்களே தருகிறார்கள். கடைக்கு வாடகை கிடையாது. முன்பு சின்னம்மா கமிஷன் மண்டிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நூற்றுக்குப் பத்து ரூபாய் பிடிப்பான். பிடித்தது போக மூட்டையில் கைநிறைய அள்ளி ஓரமாக வைத்துக்கொள்வான். எடை என்னவென்று அவன் சொன்னால் அதுதான் எடை. "தராசு முள்ளு எங்கிட்டு நிக்கிதுன்னு எட்டிப் பாத்தா, ஏ கெழவி தள்ளி நில்லுங்கான்" என்பாள். இங்கே தராசு அவள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஊரில் சின்னம்மா கீரைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்த்தெருவுக்குள் போய் விற்க முடியாது. எங்கள் தெரு ஆள் கறந்த பாலை, அவித்த இட்லியை ஊர்த்தெருவில் யாரும் வாங்கித் தின்னமாட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் களை எடுத்து, தண்ணி பாய்ச்சி, பறித்துக் கட்டிய காயைத் தின்பார்கள். ஆனால் அது அவர்கள் வீட்டுக் களத்துக்குப் போய், அவர்கள் கையால் எடை போடப்பட்டு வந்திருக்க வேண்டும். செடிக்குத் தீட்டு இல்லை, விற்கிற கைக்குத்தான் தீட்டு.

நகரத்துச் சந்தையில் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. ஒருநாள் ஒரு அம்மா கூடையோடு வந்து நின்று, "அம்மா, இந்தக் கீரை இன்னைக்குப் பறிச்சதுங்களா?" என்று கேட்டார். சின்னம்மா பதில் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் "நேத்துச் சாயங்காலம் பறிச்சதுங்க" என்றேன். அவர் போன பிறகு சின்னம்மா சொன்னாள்: "என்னைய 'ங்க' போட்டுப் பேசிட்டுப் போகுது தாயி." அவளுக்கு வயசு ஐம்பத்தெட்டு. ஊரில் பள்ளிக்கூடம் போகிற பையன்கூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். நகரத்தில் சாதி செத்துப்போச்சு என்று நான் சொல்லவரவில்லை. வாடகைக்கு வீடு தேடின நம் ஆட்களைக் கேட்டால் தெரியும். ஆனால் காலை நாலு மணி நேரம், ஒரு மேசைக்குப் பின்னால், தான் விளைவித்ததைத் தன் கையால் கொடுத்து, கையில் காசு வாங்குகிற அந்த இடம் எங்கள் பெண்களுக்கு லேசான இடம் இல்லை.

அந்த மேசைக்குப் பின்னால் உட்கார ஒரு அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குச் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும். வியாபாரி உழவர் வேஷம் போட்டு உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. காரணம் சரிதான். ஆனால் சின்னம்மாவிடம் இருப்பது வாய்வார்த்தைக் குத்தகை. ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பதினோரு வருஷமாக அந்த நிலத்தில் அவள் உழைப்புத்தான் முளைக்கிறது. சிட்டாவில் வேறு பெயர் இருக்கிறது. அட்டை கேட்டுப் போனபோது, நிலத்துக்காரரிடம் எழுதி வாங்கிட்டு வா என்றார்கள். நிலத்துக்காரர் சிரித்தார். "எழுதிக் குடுத்துட்டு நான் கோர்ட்டுக்கு அலையவா?" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வழிதான் இருந்தது. முதல் வழி, சந்தைக்கு வெளியே ரோட்டோரம் சாக்கை விரிப்பது. அங்கே பலகை விலை இல்லை, தராசு இல்லை. எப்போது விரட்டுவார்கள் என்று ஒரு கண் ரோட்டில் இருக்க வேண்டும். தெரு வியாபாரிகளுக்கு 2014லேயே சட்டம் வந்துவிட்டது. சாக்கைச் சுருட்டச் சொல்கிறவருக்கு அதைச் சொன்னால் சிரிக்கிறார். இரண்டாவது வழி, நிலத்துக்காரரின் அட்டையில் உள்ளே போவது. காய் அவளுடையது, கடை அவர் பேரில். விற்றதில் நாலில் ஒரு பங்கு அவருக்கு. தரகர் வேண்டாம் என்று திறந்த சந்தைக்குள் பட்டாவே தரகராக உட்கார்ந்திருக்கிறது.

நான் பக்கத்தில் இருந்தபோதே ஒருநாள் அதிகாரி அட்டை பார்த்துக்கொண்டு வந்தார். அட்டை வைத்திருப்பவரோ அவர் குடும்பத்தாரோதான் விற்கலாம். "இந்தம்மா யாரு?" என்று கேட்டார். டீ குடித்துக்கொண்டிருந்த நிலத்துக்காரர் எழுந்து வந்து, "நம்ம வீட்டு ஆளுதான் சார்" என்றார். அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனார். சின்னம்மா தராசில் வெண்டைக்காயைக் கொட்டினாள். அந்த வீட்டில் மாட்டுக்கொட்டத்தைத் தாண்டி அவள் கால் பட்டதில்லை. அவள் தண்ணி குடிக்கிற சொம்பு கொட்டத்து எரவாணத்தில் தனியாகச் செருகியிருக்கும்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். மருத நிலத்து மக்கள் யார் என்று கேட்டால் நம்பி அகப்பொருளைப் பார்த்து எழுதியிருக்கிறேன்: உழவர், உழத்தியர், கடையர், கடைசியர். மார்க்கும் வாங்கியிருக்கிறேன். உழத்தி என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது, உழுகிற பெண்ணுக்கு. முக்கூடற் பள்ளைப் பாருங்கள். நெல் வகைகளின் பேரெல்லாம் அந்தப் பண்ணையில் வேலை செய்கிறவன் வாயில்தான் வரிசையாக வருகிறது. கணக்குக் கேட்கிறவன் பண்ணைக்காரன். விதையைத் தெரிந்தவன் ஒருத்தன், கணக்கை வைத்திருப்பவன் இன்னொருத்தன். இலக்கியத்தில் கண்ட இந்த ஏற்பாடுதான் அடையாள அட்டையில் போட்டோ ஒட்டி வந்திருக்கிறது. நம்முடைய மொழி உழுகிறவரை உழவர் என்கிறது. நம்முடைய ஆபீஸ் பட்டா வைத்திருப்பவரை உழவர் என்கிறது.

பட்டா ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு வரலாறு இருக்கிறது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் 1891ல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892ல் வெள்ளைக்கார அரசாங்கம் பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்கியது. 12 லட்சம் ஏக்கர் என்பது நாம் சொல்லிவரும் கணக்கு. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம்மவர்களுக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலம் எல்லாம் எங்கே? அதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் காரணையின் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் கூடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் விழுந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்த மாநிலத்தில் நூற்றுக்கு இருபது பேர் பட்டியல் சாதியினர். சந்தைக்குள் போய் மேசை மேசையாக அட்டைகளைப் பாருங்கள். நம்மவர் பெயர் எத்தனை என்று எண்ணுங்கள். எனக்கு எண்ண ஒரு கை போதுமாயிருந்தது.

நிலம் மீட்கிற போராட்டம் நீண்டது. அதுவரைக்கும் சின்னம்மா ரோட்டோரத்தில் இருக்க வேண்டுமா? குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969லேயே இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. அதைத் தூசி தட்டி எடுத்தாலே பாதி வேலை முடியும். நிலத்துக்காரரின் கையெழுத்துக்குப் பதிலாக, அந்த நிலத்தில் யார் பயிர் வைத்திருக்கிறார் என்று நேரில் வந்து பார்த்து எழுதுகிற அதிகாரியின் கையெழுத்துப் போதும் என்று ஆக்க வேண்டும். மகளிர் குழுவின் சான்று செல்லும் என்று ஆக்க வேண்டும். செடியைப் பார்த்தால் தெரியும் யார் வைத்தது என்று. சின்னம்மாவின் விரலிடுக்கைப் பார்த்தாலும் தெரியும்.

இயக்கத்தில் இருக்கிற தோழர்களுக்கு ஒன்று. நாம் மாநாட்டில் பஞ்சமி நிலம் பற்றித் தீர்மானம் போடுகிறோம். போட வேண்டியதுதான். கூடவே இந்தச் சின்ன அட்டையையும் கையில் எடுப்போம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறது. குத்தகைக்கு உழுகிற பெண்களின் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு போய், இவர்களுக்கு உழவர் சந்தை அட்டை கொடு என்று தீர்மானம் எழுதச் சொல்வோம். எங்கள் தெருவில் மட்டும் பதினேழு பெயர் எழுதியிருக்கிறேன். பெயருக்கு எதிரே தொழில் என்ற இடத்தில் கூலி என்று போடவில்லை. உழத்தி என்று போட்டிருக்கிறேன்.