மேட்டுப்பாளையம் முதல் பாலாடா வரை... எந்த வண்டி நல்ல வண்டி?

‘காய்கறி ஏற்ற எலெக்ட்ரிக் வண்டி வாங்கலாமா?’ என்ற கேள்வி போன மாதம் எங்கள் குடும்பத்திலேயே வந்து நின்றது. நான் சிறுமுகைப் பக்கம் வாழை விவசாயி. என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது நீலகிரி மாவட்டம், கேத்தி பாலாடாவில். இரண்டு ஏக்கரில் கேரட், பீட்ரூட் போடுகிறார்கள். மச்சானின் பழைய பெட்ரோல் லோடு வண்டி அடுத்த எஃப்.சி-க்குத் தேறாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். ‘எலெக்ட்ரிக் குட்டியானைதான் வாங்கணும்’ என்கிறான் மகன். ‘பெட்ரோல் வண்டியே போதும்’ என்கிறார் மச்சான். எந்த வண்டி வாங்கினாலும் அடகுக்குப் போகப்போவது அக்காவின் ஏழு பவுன் நகை.

“அப்பனும் மகனும் பேசிக்கிறதே இல்லைடா. நீ வந்து ஒரு முடிவு சொல்லு” என்று அக்கா போனில் சொன்னார்.

எனக்கு வாழையைப் பற்றித் தெரியும். வண்டியைப் பற்றி என்ன தெரியும்? அந்த மலைப்பாதையில் தினமும் ஓட்டுகிறவர்களிடமே கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

கல்லாறு: ‘92’ல் கிளம்பினோம்

விடிகாலை 5 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு எலெக்ட்ரிக் டாக்ஸி பிடித்தேன். ஓட்டியவர் முப்பது வயதுத் தம்பி. கிளம்பும்போது பேட்டரி 92 சதவிகிதம் காட்டியது. கல்லாறு சோதனைச்சாவடியில் இ-பாஸ் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். 2024 மே மாதத்தில் இருந்து வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். பாக்கு மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஏற்றம் ஆரம்பிக்கிறது. பக்கத்திலேயே பல்சக்கரம் பிடித்து ஏறும் மலை ரயில் பாதை. 1899-ல் இருந்து ரயில் ஓடுகிறது.

வண்டியில் சத்தமே இல்லை. கியர் மாற்றும் உறுமல் இல்லை. ஆனால், எண் குறைந்துகொண்டே வந்தது.

“இதைப் பார்த்துத்தானுங்க நிறைய பேர் பயப்படுறாங்க. சமவெளியில இதே 44 கிலோமீட்டர் போனா 20 பர்சன்ட் குறையும். இங்கே 40-க்கு மேல குறையும்” என்றார் தம்பி.

காரணம் எளிது. ஆளோடு சேர்த்து 1,700 கிலோ எடையை 1,600 மீட்டர் உயரம் தூக்க, 7 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். உருண்டு ஓடும் செலவு தனி. பெட்ரோல் வண்டிக்கும் இதே கதைதான். சமவெளியில் லிட்டருக்கு 16, 17 கிலோமீட்டர் தரும் வண்டி, ஏற்றத்தில் 9, 10 தந்தாலே பெரிது.

பர்லியாறு: டீக்கடைப் பஞ்சாயத்து

பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தினோம். மங்குஸ்தான், பலா விற்கும் பழக்கடைகளும் அரசு தோட்டக்கலைப் பண்ணையும் உள்ள ஊர். அங்கே கோவை விமான நிலையத்துக்கு ஹைபிரிட் கார் ஓட்டுபவர் ஒருவரும், முப்பது வருடமாக ஊட்டிக்குப் பெட்ரோல் டாக்ஸி ஓட்டும் பெரியவர் ஒருவரும் நின்றிருந்தார்கள். என் கேள்வியைப் போட்டேன். அவ்வளவுதான், டீ ஆறிப்போனது.

“கோவை சிக்னல்ல நின்னு நின்னு போறதுக்கு ஹைபிரிட்டை அடிச்சுக்க ஆளில்லைங்க. மெதுவாப் போறப்போ மோட்டார், வேகத்துல என்ஜின். சார்ஜ் போடத் தேவையில்லை. ஆனா, உண்மையைச் சொல்லணும். இந்த மலையில அதோட அருமை பாதிதான். பேட்டரி சின்னது. நாலு வளைவு இறங்குறதுக்குள்ள ரொம்பிடும். அப்புறம் ‘பி’யில போட்டு என்ஜினைப் பிடிச்சு இறங்கணும். சாதா பெட்ரோல் வண்டியைவிட விலையும் சில லட்சம் கூட” என்றார் ஹைபிரிட்காரர்.

பெரியவர் சிரித்தார். “பெட்ரோல்னா அஞ்சு நிமிஷத்துல டேங்க் ரொம்பும். எந்த ஊர்லயும் மெக்கானிக் இருக்கான். இந்தத் தம்பி போன வாரம் ஒரு சார்ஜர்ல போய் நின்னப்போ அது வேலை செய்யலை. ரெண்டு மணி நேரம் பயணிங்க திட்டுனாங்க. கேட்டுப் பாருங்க.”

தம்பி மறுக்கவில்லை. “நெசந்தானுங்க. அதுக்கப்புறம் வழியில சார்ஜ் போடுறதை நம்பிக் கிளம்புறதில்லை. வீட்ல போட்டுட்டுத்தான் வருவேன்.”

பெரியவருக்கும் ஒரு குறை இருந்தது. “பெட்ரோல்ல 20 சதவிகிதம் எத்தனால் கலந்ததுல இருந்து மைலேஜ் குறையுதுங்க.” எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால், அந்த எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது. உடுமலையில் மக்காச்சோளம் போடும் என் சித்தப்பா, எத்தனால் ஆலைகள் வாங்குவதால் நல்ல விலை கிடைப்பதாகச் சொல்வார். “உங்க நஷ்டத்துல எங்க வீட்டுக்குக் கொஞ்சம் லாபமுங்க” என்றேன். பெரியவர் டீக்காசை என்னையே கொடுக்கச் சொல்லிவிட்டார்!

பாலாடா: ‘கேரட் இறங்கும்... எரு ஏறணுமே!’

குன்னூர் தாண்டி கேத்தி பாலாடா வந்தபோது மணி ஏழரை. பேட்டரி 49. பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகக் காய்கறித் தோட்டங்கள். நள்ளிரவில் டார்ச் அடித்துப் பிடுங்கிய கேரட், கழுவும் இயந்திரத்தில் உருண்டு சிவந்து வந்துகொண்டிருந்தது. மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார்கள்.

லோடு ஏற்றிக்கொண்டிருந்த பிக்கப் ஓட்டுநர்களிடம் மருமகன் தன் கணக்கைச் சொன்னான். “மாமா, நம்ம லோடு எப்பவும் கீழேதான் போகுது. காலி வண்டிதான் மேலே வருது. இறங்குறப்போ மோட்டாரே பிரேக் மாதிரி பிடிச்சு, மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். இதைவிடப் பொருத்தமான ரோடு எங்கே இருக்கு?”

அவன் சொன்னது சரிதான். ஒரு டன் கேரட் 1,600 மீட்டர் இறங்கும்போது 4 யூனிட்டுக்கு மேல் சக்தி வெளிப்படுகிறது. பெட்ரோல் வண்டியில் அது பிரேக் சூடாகி வீணாகிறது. எலெக்ட்ரிக் வண்டியில் பாதியாவது பேட்டரிக்குத் திரும்பும். இறங்கும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிற பைக்காரா மின்நிலையம் 1932-லேயே வந்த மலை இது. இங்கே இறங்கும் கேரட்டிலும் கொஞ்சம் எடுக்கலாம்.

ஆனால், ஒரு பிக்கப்காரர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “கேரட் இறங்கும், சரி. கோழி எரு ஏறணுமே தம்பி!”

அங்கேதான் மருமகன் யோசித்தான். நடவுக்கு முன்பு சமவெளியில் இருந்து எருவும் உரமும் ஒரு டன் ஏற்றி வரவேண்டும். 20 யூனிட் பேட்டரி உள்ள சின்ன லோடு வண்டி, காலியாக ஏற 11, 12 யூனிட் எடுத்தால், ஒரு டன்னோடு ஏற 17 யூனிட் கேட்கும். அந்த நாள்களில் மேட்டுப்பாளையத்தில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

டாக்ஸித் தம்பியும் ஒன்று சொன்னார். “மலைமேல ராத்திரி 100 வரைக்கும் சார்ஜ் போட்டுட்டு இறங்காதீங்க. பேட்டரி ரொம்பி இருந்தா, திரும்பி வர்ற மின்சாரத்துக்கு இடம் இருக்காது. மோட்டார் பிடிக்காது. லோடு மொத்தமும் பிரேக்கு மேலதான் நிக்கும். 80, 85-ல நிறுத்திடுங்க.” லோடு வண்டிக்காரர்கள் மனதில் எழுதிவைக்க வேண்டிய விஷயம் இது.

ராத்திரி வண்டி எங்கே தூங்கும்?

மச்சான் அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியாக என்னை ரோட்டோரம் கூட்டிப்போனார். வீடு மேட்டில் இருக்கிறது. வண்டி நிற்பது 200 படி கீழே, ரோட்டில். அங்கே மின்சாரம் இருக்கும் ஒரே இடம் கிணற்று மோட்டார் ரூம்.

“இவன் இந்த இலவச கரன்ட்ல சார்ஜ் போடலாம்ங்கிறான். எனக்கு மனசு ஒப்பலை” என்றார்.

மச்சான் சொன்னதே சரி. விவசாய இணைப்பு பாசனத்துக்கு மட்டும்தான். வேறு வேலைக்குப் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன்படி உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு கட்ட வேண்டிவரும். பாசன இணைப்பையே சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. மருமகன் தலைகுனிந்தான். ஆனால், அவன் கணக்கு தப்பில்லை, இடம்தான் தப்பு என்று மச்சானிடம் சொன்னேன்.

முடிவு இப்படி ஆனது. எஃப்.சி. முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ரோட்டோரம் தனி மீட்டரோடு புது இணைப்புக்கு விண்ணப்பிப்பது. கிடைத்தால் எலெக்ட்ரிக், கிடைக்காவிட்டால் பெட்ரோல். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கும். அக்கா அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சோறு போட்டார்.

மதியம் அதே டாக்ஸியில் இறங்கினேன். பாலாடாவில் 49 காட்டிய பேட்டரி மேட்டுப்பாளையத்தில் 55! வழியில் முன்னால் போன பெட்ரோல் வேனில் இருந்து பிரேக் கருகும் வாடை வந்தது. டீக்கடையில் பேசிய மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் ஓட்டும் ரோட்டுக்கு அவரவர் சொன்னது சரி.

வண்டி வாங்கும் முன்பு நான்கு கேள்விகள்

1. ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் முறையான மின் இணைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் அதை முதலில் வாங்குங்கள். வீட்டு மீட்டரில் போடுவதாக இருந்தால், இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும்போது கட்டணம் எவ்வளவு ஏறும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. தினமும் எத்தனை கிலோமீட்டர்? போகும் தூரம் தினமும் ஒன்றாக இருந்தால் எலெக்ட்ரிக். ஊருக்குள் அதிகம் ஓடி, சார்ஜ் போட வசதி இல்லையென்றால் ஹைபிரிட் கார். எப்போது, எங்கே போவோம் என்றே தெரியாத தொலைதூர ஓட்டத்துக்குப் பெட்ரோல், டீசல்.

3. லோடு ஏறுகிறதா, இறங்குகிறதா? அதிகபட்ச லோடு வரும் நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

4. பேட்டரிக்கு உத்தரவாதம் எவ்வளவு? பல கார்களுக்கு 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் தருகிறார்கள். லோடு வண்டிக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

எலெக்ட்ரிக் லோடு வண்டி ஓட்டும் விவசாயிகள் இருந்தால், உங்கள் அனுபவத்தைக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். நான்கு மாதத்துக்குள் எழுதினால், என் அக்காவுக்கும் உதவும்.