செண்டரோ ஏரிக்கு ஏற்ற தூண்டில் கோல்

கோலகங்சாருக்கு வடக்கே, பேராக் ஆற்றில் 1930-இல் கட்டிய அணையால் உண்டானது செண்டரோ ஏரி. புல்லும் கட்டையும் நிறைந்த அதன் ஓரங்களில்தான் தோமானும் செபாராவும் பதுங்கியிருக்கும்.

அங்கே வீச ஏற்றது, தகடு சுழலும் 'ஸ்பின்னர்பெய்ட்'. அதன் வளைந்த கம்பி முள்ளுக்கு முன்னே நிற்பதால் கட்டையில் எளிதில் மாட்டாது.

ஒருமுறை, விலை மலிவென்று மெல்லிய கோலோடு போனேன். தோமான் கவ்வியது. கோல் வில்லாய் வளைந்ததே தவிர, மீனைத் தடுக்கவில்லை. அது கட்டைக்குள் புகுந்து நரம்பை அறுத்தது. வீட்டிலோ மசாலை அரைத்துக் காத்திருந்தார்கள்! வாயில் முள்ளோடு போன அந்த மீனை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

ஆகவே, காசு கொடுக்குமுன் கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நீளம் ஆறரை முதல் ஏழு அடி. இரையின் எடை கால் முதல் முக்கால் அவுன்ஸ். நரம்பு 12 முதல் 20 பவுண்டு. வகை 'மீடியம் ஹெவி'. நுனி இளகினால் மீன் நன்றாகக் கவ்வும். நடுப்பகுதி உறுதியானால் முள் தைக்கும்.

இன்னொன்று. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே வீசாதீர்கள். அடியில் பெற்ற தோமான் காவல் இருக்கும். பிள்ளைகளைப் பெற்ற நமக்கு அது தெரியாததா?