உப்பங்கழி நகரில் வணிகப் பாடம்

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, இலக்கியம் மணக்கும் ஏடுகளில் வணிகவியல் ஆசிரியனுக்கு என்ன இடம் என்று வினவினேன். குழுவின் மூத்த அன்பர் ஒருவர், "மணிமேகலையை இயற்றியவர் கூலவாணிகர் அல்லரோ?" என்று ஒரே வினாவில் என் வாயை அடைத்துவிட்டார். எண்ணிப் பார்த்தால் அவர் கூற்று இன்னும் விரியும். சிலப்பதிகாரத் தலைவன் மாசாத்துவான் என்னும் பெருவணிகனின் மகன்; தலைவி மாநாய்கன் மகள். கைம்முதலை இழந்த ஒருவன், எஞ்சிய சிலம்பை விற்று மீண்டும் தொழில் தொடங்க அயலூர் செல்வதில்தானே கதை திரும்புகிறது? பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும்போது, அவர்தம் செல்வத்தோடு, கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத நேர்மையையும் சேர்த்தே போற்றுகிறது. திருவள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகருக்கென்றே ஒதுக்கினார். ஆதலின் அச்சமின்றி எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் விருதுநகரில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். முதற்படியை 'ஒன்று' என்னாது 'லாபம்' என்று எண்ணித் தொடங்கும் அளவுக் குரல்களின் நடுவே நான் வளர்ந்தேன். அவ்வூர் வணிகர் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட மகமையிலிருந்து 1889-இல் எழுந்தது க்ஷத்திரிய வித்தியாசாலை. காமராசர் பயின்ற பள்ளி அது. பிழைப்பு என்னைக் கொல்கத்தாவுக்குக் கொணர்ந்தது. லேக் மார்க்கெட்டில் வெற்றிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு, சால்ட் லேக்கில் ஒரு மேனிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வணிகவியல் கற்பித்தே என் பணிக்காலம் முழுவதையும் கழித்தேன்.

சால்ட் லேக் பெயருக்கேற்ப ஒரு காலத்தில் உப்பங்கழியாகவே கிடந்தது. முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய் முயற்சியால் 1962-இல் ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய்கள் வழியே கொணர்ந்து நிரப்பி மேடாக்கத் தொடங்கினர். அவ்வாண்டு சூலை முதல் நாள் அவர் மறைந்தார். அவர் பெயரால் பிதான்நகர் என்று வழங்கும் நகரை அவர் காணவில்லை. நகரமைப்பை வரைந்தவர் அன்றைய யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த தோப்ரிவோயே தோஷ்கோவிச். தெருக்களுக்குப் பெயரில்லை, ஏ.பி., பி.டி., சி.கே. என ஈரெழுத்துக் கட்டங்களே உண்டு. வழி கேட்டால் தண்ணீர்த் தொட்டியின் எண்ணைச் சொல்வார்கள். மனைகள் 999 ஆண்டுக் குத்தகையில் வழங்கப்பட்டமையால், குத்தகை என்னும் சொல்லை விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டுத் தேவைப்பட்டதே இல்லை.

உத்தியோகத்தரும் ஓய்வுபெற்றோரும் அமைதியாக வாழ்வதற்கென்று வரையப்பட்ட இந்நகரில் கடைத்தெரு என்று ஒன்று இயல்பாக வளரவில்லை. குறித்த இடங்களில் குறித்த அங்காடிகள், அவ்வளவே. எனினும் வணிகம் என்பது வரைபடத்துக்குக் கட்டுப்படும் பொருளன்று. கார் நிறுத்தக் கட்டிய அறைகள் மெல்ல மெல்லத் தையற்கடையாகவும் மருந்துக்கடையாகவும் மாறின. மாணவர்கள் மாலையில் என்னிடமோ என்னையொத்தவரிடமோ டியூஷன் படிக்க வருவதும் அத்தகைய அறைகளுக்கே. 'வேண்டல் இருக்குமிடத்தில் அளிப்பு முளைக்கும்' என்னும் பாடத்தை அவ்வறையிலிருந்தே நடத்தலாம்.

வணிகப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளிற் பாதிப்பேர் அறிவியலில் இடம் கிடைக்காது வந்தவர்கள். முகத்திலேயே அது தெரியும். இம்மனப்பான்மை புதிதன்று. வேதியியற் பேராசிரியர் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய், வங்க இளைஞர் எழுத்தர் நாற்காலியைத் தேடி ஓடித் தொழிலையும் வணிகத்தையும் புறக்கணிப்பது கண்டு வாழ்நாளெல்லாம் வருந்தியவர். வருந்தியதோடு நில்லாமல் தாமே பெங்கால் கெமிக்கல்ஸ் என்னும் தொழிலைத் தொடங்கி, 1901-இல் அதைப் பங்கு நிறுவனமாக்கினார். 2020-இல் சால்ட் லேக் வழியே ஓடத் தொடங்கிய மெட்ரோவில் ஒரு நிலையத்தின் பெயரே 'பெங்கால் கெமிக்கல்'. நாள்தோறும் அதைக் கடந்து பள்ளிக்கு வரும் மாணவர்க்கு, அது ஓர் அறிவியலாளர் தொடங்கிய வணிகம் என்று சொன்னால் சற்றே நிமிர்ந்து உட்காருவார்கள்.

பாடநூலோ வேறு உலகம். ஹென்றி ஃபயோலின் பதினான்கு மேலாண்மைக் கொள்கைகளை முதலெழுத்துகளைக் கோத்து நெட்டுருப் போடுவது இங்குள்ள வழக்கம். அந்த ஃபயோல் ஒரு சுரங்கப் பொறியாளர். நொடித்துக்கொண்டிருந்த நிலக்கரி, இரும்பு நிறுவனமொன்றின் தலைமையை 1888-இல் ஏற்று நிமிர்த்தியவர். அவ்வனுபவத்தின் பிழிவையே 1916-இல் எழுதினார் என்று கூறும்வரை அவர் அவர்களுக்கு வெறும் பட்டியலே. பட்டியலுக்கு மதிப்பெண் உண்டு, கதைக்கு இல்லை. ஆயினும் கதையைச் சொல்லாமல் நான் பட்டியலைச் சொன்னதில்லை.

என் வகுப்பில் ஆண்டுதோறும் நான் விரும்பி நடத்தியது இரண்டு கப்பற் கதைகள். முதற்கதை நம்முடையது. வ. உ. சிதம்பரனார் 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கொன்று 25 ரூபாய், பங்குகள் 40,000, மூலதனம் பத்து இலட்சம். மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை போட்டியின்றி ஓடிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. ஆங்கிலக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் சென்று, போதாக்குறைக்குக் குடையும் தருவதாகக் கூறிற்று என்பர். 1908-இல் சிதம்பரனார் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

தமிழர்கள் இக்கதையைக் கண்ணீரோடு அறிவார்கள். கொல்கத்தா மாணவர்க்கு இதில் நான் கூறும் புதுச்செய்தி ஒன்று உண்டு. அந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி 1856-இல் 'கல்கத்தா அண்டு பர்மா' கம்பெனியாகப் பிறந்து 1862-இல் பெயர் மாறியது. அதன் மேலாண்மை முகவரான மக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தின் மாளிகை இந்நகரின் ஸ்ட்ராண்ட் சாலையில் இருந்தது. தூத்துக்குடியில் தோற்கடிக்கப்பட்டவரைத் தோற்கடித்த கம்பெனியின் வேர் ஹூக்ளிக் கரையில் என்றதும் வகுப்பு ஒரு கணம் அடங்கிவிடும்.

இரண்டாவது கதை அவர்களுடையது. இரவீந்திரநாத் தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாத், ஏலத்தில் ஒரு கப்பலின் வெற்றுக்கூட்டை வாங்கி, இயந்திரம் பொருத்தி, 1884-இல் 'சரோஜினி' என்று பெயரிட்டு, குல்னாவுக்கும் பரிசாலுக்கும் இடையே ஓட்டினார். பின்னர் மேலும் கப்பல்கள் சேர்ந்தன. ஆங்கிலேயரின் ஃப்ளோட்டில்லா கம்பெனி எதிர்த்தது. கட்டணப் போர் மூண்டது. நாட்டுப்பற்று மிக்க பரிசால் இளைஞர் பயணிகளைச் சுதேசிக் கப்பலுக்கே அழைத்து வந்தனர். ஆனால் வந்தவர்கள் பணம் தராமல் ஏறினர், சிற்றுண்டியும் உண்டு இறங்கினர். கடைசியில் ஒரு கப்பல் ஹௌரா பாலத்தில் மோதி மூழ்க, முயற்சி முடிந்தது. தாகூர் தம் நினைவுக் குறிப்பில் இதனை நகைச்சுவையும் துயரமும் கலந்து எழுதியுள்ளார்.

இரு கதைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டு, "காரணம் கூறுக" என்பேன். "வெள்ளையர் சூழ்ச்சி" என்று ஒரே குரலாக விடை வரும். ஒருமுறை, பரம்பரையாகப் புர்ராபஜாரில் துணி வணிகம் செய்யும் மார்வாரிக் குடும்பத்துப் பையன் மட்டும் எழுந்து, "கையிருப்பு எத்தனை மாதத்துக்கு இருந்தது, ஸார்?" என்று கேட்டான். எத்தனையோ ஆண்டுகளில் நான் கேட்ட மிகச் சிறந்த வினா அது. கப்பல் வாங்குவது நிலை மூலதனம். நிலக்கரி, கூலி, துறைமுகக் கட்டணம் ஆகியவற்றை வரவு வரும்வரை தாங்குவது நடைமுறை மூலதனம். பங்குதாரரின் பற்று கப்பலை வாங்கித் தரும். நட்டத்தில் ஓடும் ஒவ்வொரு நாளையும் தாங்குவதற்குப் பற்றுப் போதாது, பணம் வேண்டும். பல வழித்தடங்களில் ஈட்டுபவன் ஒரு தடத்தில் நெடுநாள் இழக்கலாம்; ஒரே தடத்தில் ஓடுபவன் இழக்க முடியாது. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் நான்காம் பிரிவில் தடைசெய்யும் கொள்ளை விலைக் குறைப்பு இதுவே. கைப்பேசிச் செயலிகளில் பாதி விலைக்குச் சோறும் சவாரியும் பெற்றுப் பழகிய பிள்ளைகளுக்கு, குடை கொடுத்த கப்பல் அன்றே புரிந்துவிட்டது.

"தோற்றவர்களைப் பற்றி ஏன் படிக்கிறோம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். தேர்வில் வராது என்பது அவள் குறிப்பு. வென்றவர்களின் கணக்கேடு நம்மிடம் காட்டப்படுவதில்லை என்று மட்டும் சொன்னேன்.

இனி, ஏடு பற்றிய செய்தி. வங்காளத்தில் ஆண்டுப் பிறப்பாகிய போய்லா போய்ஷாக் அன்று கடைகளில் 'ஹால்காத்தா' நடைபெறும். சிவப்புத் துணி போர்த்த புதுப் பேரேட்டுக்கு இலட்சுமி, கணேசர் முன் பூசை செய்வார்கள். வாடிக்கையாளர் வந்து பழைய பாக்கியை முழுவதுமோ ஒரு பகுதியோ கட்டுவர்; கடைக்காரர் இனிப்புப் பெட்டியும் நாட்காட்டியும் தந்து அனுப்புவார். 2020-இல் ஊரடங்கின் நடுவே அந்நாள் வந்தமையால் கடைகள் திறக்கவில்லை.

அதற்கடுத்த கல்வியாண்டில், அங்காடியொன்றில் சிறு மளிகைக் கடை நடத்துபவரின் மகள் என் வகுப்பில் இருந்தாள். திட்டப்பணிக்குத் தந்தையின் கடன் ஏட்டையே எடுத்துக்கொண்டாள். தந்தையார் ஒரு நிபந்தனை விதித்தார்: கடன்பட்டவர் பெயர் எதுவும் பள்ளிக்குப் போகக்கூடாது. அவள் பெயர்களுக்குப் பதில் எண்கள் இட்டாள். ஊரடங்கு மாதங்களில் வீட்டு வேலை இழந்த பெண்கள், ஓட்டமற்று நின்ற ரிக்ஷாக்காரர், டியூஷன் நின்றுபோன ஆசிரியர் ஒருவர் எனப் பலருக்கும் அரிசியும் பருப்பும் கடனாகச் சென்றிருந்தன. சிலர் ஊர் திரும்பிவிட்டனர். மூவர் இறந்துவிட்டனர். பாடநூற்படி அவை வாராக்கடன். இலாப நட்டக் கணக்கில் எழுதித் தள்ள வேண்டும். தந்தையார் ஒரு வரியையும் அடிக்க மறுத்தார். தொகை பெரிதன்று, ஆனால் அக்கடைக்கு அது ஓராண்டு இலாபத்தை விழுங்கும் தொகை. கடையை மூடிவிட்டுச் சம்பள வேலைக்குப் போகலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் அதை எல்லாரும் கேட்கச் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. விரல்கள்தாம் ஏட்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தன.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அடிக்காவிட்டால் காட்டும் இலாபம் பொய் என்றனர் சிலர். அதை வாராக்கடன் என்பதா, நற்பெயர் என்னும் சொத்து என்பதா என்று கேட்டனர் சிலர். ஒரு பையன் தாகூர் குடும்பத்தையே சாட்சிக்கு அழைத்தான். துவாரகநாத் தாகூர் 1834-இல் தொடங்கிய கார் தாகூர் கம்பெனி, அவர் மறைந்த பின் 1848-இல் முறிந்தது. மகன் தேவேந்திரநாத், கடன்காரர் கைவைக்க முடியாதபடி அறக்கட்டளையில் இருந்த சொத்தையும் அவர்கள்முன் வைக்க முன்வந்து, பல்லாண்டு முயன்று கடனை அடைத்தார். "கொடுக்க வேண்டியவன் அப்படி இருந்தால், வாங்க வேண்டியவன் அடிக்காமல் காத்திருக்கலாமே!" என்றான். வாதம் செம்மையன்று, ஆனால் உள்ளம் செம்மையானது.

நான் சட்டத்தைக் கூறினேன். எழுதித் தள்ளுதல் வேறு, மன்னித்து விடுதல் வேறு. கணக்கில் அடித்துவிட்டாலும் உரிமை அழிவதில்லை. பின்னால் பணம் வந்தால் வரவு வைக்கலாம். விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்கிடக் காலவரம்பு பொதுவாக மூன்றாண்டு. கடன்பட்டவர் அதற்குள் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டாலோ, தம் கையெழுத்துச் சான்றோடு ஒரு பகுதியைக் கட்டினாலோ மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். ஹால்காத்தாவில் ஆண்டுதோறும் சிறுதொகை கட்டச் சொல்வது இனிப்புக்காக மட்டுமன்று என்றதும், அம்மாணவி குறிப்பேட்டில் அடிக்கோடிட்டுக்கொண்டாள். அவள் திட்டப்பணியில் ஈரேடு இருந்தன: ஒன்றில் பாக்கிகள் அடிக்கப்பட்டு நட்டம் வெளிப்படையாகத் தெரிந்தது, மற்றொன்று அடிக்கப்படாத நினைவேடு. முதலாவதைப் பார்த்த பின்னரே, மாதந்தோறும் கடனுக்கு எவ்வளவு சரக்குத் தரலாம் என்று தந்தையார் ஓர் எல்லை வகுத்தாராம். கடை மூடப்படவில்லை.

அவள் இப்போது பட்டயக் கணக்காளர் படிப்புக்கான ஆர்ட்டிக்கிள்ஷிப்பில் இருக்கிறாள்; மாலையில் கடையின் ஜி.எஸ்.டி. கணக்கையும் பார்க்கிறாள். ஓய்வுபெற்ற பின் ஒரு போய்லா போய்ஷாக் அன்று அக்கடைக்கு எனக்கு அழைப்பு வந்தது. பாக்கி எதுவுமில்லாத எனக்கும் இனிப்புப் பெட்டி கிடைத்தது. புதுப் பேரேட்டின் முதற்பக்கத்தில் குங்குமத்தால் சுவஸ்திகம் வரைந்திருந்தார்கள். மறுபக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். இறந்துபோன மூவரின் கணக்குகளும், தொகையின்றி, பெயரளவில் அங்கே எடுத்தெழுதப்பட்டிருந்தன.