அம்மா சொல்லாமல் விட்ட வரி

தியானக் கூட்டங்களில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரு தேதி சொல்வார்கள். இன்ன நாளில், இன்ன நேரத்தில் ஆண்டவர் என்னைத் தொட்டார் என்பார்கள். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு தேதி கிடையாது, அவ்வளவுதான். புயலுக்குத்தான் தேதி இருக்கிறது: 2017 நவம்பர் 30. புனித அந்திரேயாவின் திருநாள். அவரும் மீன் பிடித்துப் பிழைத்தவர்.

நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரை கடலோரமாக வரிசையாகக் கிடக்கும் எட்டு ஊர்களைத் தூத்தூர் வட்டாரம் என்பார்கள். மாவட்டம் கன்னியாகுமரி, மறைமாவட்டம் திருவனந்தபுரம். ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் எங்கள் ஆண்களுக்குப் பெயர் உண்டு. தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ கொச்சி தோப்பும்படியிலிருந்தோ புறப்பட்டால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். என் தம்பி அப்படித்தான் நவம்பர் நடுவில் போயிருந்தான்.

புயல் அன்று கரையில் ரப்பரும் தென்னையும் முறிந்து விழுந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, ஊர் இருண்டது. ஒக்கி என்ற புயலின் பெயர் எங்கள் காதுக்கு வந்தபோது காற்று வீட்டு ஓடுகளை ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தது. முன்னெச்சரிக்கை நேரத்துக்கு வந்ததா என்று பிறகு பேரவையிலும் தொலைக்காட்சியிலும் வாதாடினார்கள். முன்னமே வந்திருந்தாலும் அத்தனை தூரம் போன போட்டுகளுக்குச் செல்போனும் எட்டாது, வயர்லெஸ்ஸும் எட்டாது. இதைச் சொல்ல ஒரு நிபுணர் வேண்டாம், எங்கள் ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

டிசம்பர் 3 ஞாயிறு. கோட்டாறு சவேரியார் திருநாளும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் அந்த ஆண்டு ஒரே நாளில் வந்தன. காத்திருப்பதைப் பற்றி மறையுரை வைக்க வேண்டிய நாள். பங்குத்தந்தை மறையுரையே வைக்கவில்லை. வராதவர்களின் பெயர்களை வாசித்தார், ஊதா அங்கியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் கேட்டவற்றில் அதுதான் நல்ல மறையுரை.

டிசம்பர் 7 அன்று எங்கள் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நடந்துபோய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. இரவு வெகுநேரம் ஆனது. ஒரு பக்கம் முழக்கம், இன்னொரு பக்கம் செபமாலை. அங்கேதான் முதலில் கவனித்தேன். ஆண்டவர் கற்பித்த செபத்தை அம்மா எல்லோரோடும் சொல்லிக்கொண்டு வந்தார், இறைவனின் திருவுளம் நிறைவேற வேண்டும் என்று கேட்கும் இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார், உணவைக் கேட்கும் இடத்தில் மறுபடியும் சேர்ந்துகொண்டார். செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிக்கும் அப்படியே.

பிறகு செய்திகள் வந்தன. சில போட்டுகள் லட்சத்தீவில் ஒதுங்கியிருந்தன, சில மகாராஷ்டிரக் கரையில். ஒவ்வொரு பட்டியலுக்கும் தெருவே ஓடும். கேரள மருத்துவமனைகளில் கிடந்த உடல்களை அடையாளம் காண டி.என்.ஏ. சோதனைக்கு அம்மா இரத்தம் கொடுத்தார். எதோடும் ஒத்துப்போகவில்லை. உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதை எங்களுக்காகத் தளர்த்தி 20 லட்சம் நிவாரணம் தந்தார்கள். கையெழுத்துப் போட அம்மாவுக்கு மனமில்லை. தம்பி மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்ன சாப்பிடுவார்கள் என்று நான்தான் எரிந்து விழுந்தேன். பணம் வந்த பிறகு சொந்தபந்தங்களுக்குள் நடந்ததை எழுதப்போவதில்லை. கடலோரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தினார்கள். வெளியூர் போதகர் ஒருவர் வீட்டுக்குள் வந்து, இவ்வளவு நாளாகியும் அழுவது விசுவாசக் குறைவு என்றார். யோபுவின் நண்பர்களே பரவாயில்லை, முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் யோபுவின் கடைசி அதிகாரத்துக்குத் தாவி, இழந்ததெல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது என்று முடித்தார். ஆடும் ஒட்டகமும் இரட்டிப்பாயின, பிள்ளைகள் மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே பிறந்தார்கள். அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பவர், ஆனாலும் விடவில்லை.

"அது செரி. முந்தின பிள்ளியளுக்க காரியம் என்ன ஆச்சு?"

போதகர் காப்பி குடிக்காமலே போனார்.

எனக்கு அப்போது மறைக்கல்வி வகுப்பு இருந்தது. கற்பிக்கிறவளின் தாயே செபத்தில் ஒரு வரியை விழுங்குகிறாள் என்பது எனக்கு முள்ளாகக் குத்தியது. பங்குத்தந்தையிடம் போய், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "சொல்ல முடியுத வரியளை அவங்க சொல்லட்டும். மிச்சத்தை நாம சேர்ந்து சொல்லுவோம். கோயில்ல இத்தனை பேர் எதுக்கு நிக்கோம்?" என்றார். அம்மாவிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை வருவார், மீன் விலை பேசுவார், போவார்.

மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் ஒரு சிறு உவமை உண்டு. விதைத்தவன் தூங்கி எழுகிறான், விதை தானாக முளைத்து வளர்கிறது, எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. நான்கு நற்செய்திகளில் மாற்குவில் மட்டும்தான் அது இருக்கிறது. கடலோரப் பிள்ளைகளுக்கு வயல் உவமைகள் ஒட்டாது என்று நான் அதை வகுப்பில் அவசரமாகக் கடந்துவிடுவது வழக்கம். அதில் எனக்குப் பிடிபட்டது பின்னால்தான்: அந்த ஆள் முளையை இழுத்துப் பார்ப்பதில்லை. பிலிப்பியருக்குப் பவுல் எழுதும்போதும், நற்செயலைத் தொடங்கியவரே நிறைவு செய்வார் என்ற பொருளில் எழுதுகிறார். தொடங்கியவர் நாமில்லை என்றால் அவசரப்படுத்தும் உரிமையும் நமக்கில்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் கணக்குப் பார்க்கிற சுபாவம்.

2020-இல் கொரோனாவுக்காகக் கோயில்களைப் பூட்டினார்கள். இரவில் வீட்டிலேயே செபமாலை. தம்பியின் மூத்தவள் முன்மொழிவாள், அம்மா பின்மொழிவார். அந்த வீட்டு இரவுகளில் எதிலோ அம்மா அந்த வரியையும் சொல்லத் தொடங்கியிருக்கிறார். எந்த இரவு என்று எனக்குத் தெரியாது. சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் கண்டேன், தொடங்கியதைக் காணவில்லை. கேட்டபோது, "அப்பிடியா? எனக்கு ஓர்மை இல்ல மக்களே" என்றார். குரல் மற்ற வரிகளைவிடத் தாழ்ந்துதான் இருந்தது, இன்றும் அப்படித்தான்.

2022 மே 15 அன்று எங்கள் மாவட்டத்து நட்டாலம் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். வகுப்பில் அவர் வரலாற்றை நடத்தினேன். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாய், துன்பத்தில் இருந்த அவருக்கு யோபுவின் கதையைத்தான் சொன்னார். 1745-இல் திருமுழுக்கு, பிறகு கைது, ஆண்டுக்கணக்கில் வதை, 1752-இல் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. வீட்டுப் பாடத்தை உரக்கப் படித்த பேத்தியிடம் அம்மா குறுக்கிட்டுக் கேட்டார், அந்தத் தளபதி கதையைச் சொல்லிவிட்டு உடனே திருமுழுக்கு வாங்க வைத்துவிட்டாரா என்று. இல்லை, பல மாதம் ஆனது என்றாள். "அப்பம் விவரமுள்ள ஆளு" என்றார்.

அந்த ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு வாசிக்கும் பெயர்ப் பட்டியலில் தம்பியின் பெயரை அம்மாவே எழுதிக் கொடுத்தார். நிவாரணத்தாளில் போட மறுத்த அதே கை. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நவம்பர் 30 திருப்பலிக்கு அவர் வருவதில்லை. புதிதாக வந்த பங்குத்தந்தை ஏன் என்று கேட்டார்.

"அந்திரேயா நமக்க தொழில்காரருதானே ஃபாதர். பாத்துட்டு நிண்ணாரு. அந்த ஒரு நாளு எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல. பிற்றைக்கு வந்திருவேன்."

மறுநாள் முதல் மணி அடிப்பதற்கு முன்பே செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.