கதவு போனது, கோடு நின்றது

வெற்றிக்கு ஸ்தூபி நாட்டிய மன்னர்கள் நம் தேசத்தில் அநேகர். சுங்கச் சாவடி ஒன்று எடுபட்டுப்போனதற்காக ஸ்தூபி நாட்டிய ஊர்கள் உலகத்திலேயே சொற்பம். லக்ஸம்பர்க் தேசத்தில், மோசெல் நதிக்கரையிலுள்ள ஷெங்கன் என்னும் திராட்சைத் தோட்டக் கிராமம் அவற்றுள் ஒன்று. 1985ஆம் வருஷம் ஜூன் 14ஆம் தேதி, ஐந்து தேசங்களின் பிரதிநிதிகள் அங்கே நதியில் நின்ற கப்பலொன்றில் கூடி, தங்களுக்கிடையே எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்குவதென்று கையொப்பமிட்டார்கள். இன்று அவ்விடத்தில் ஒரு மியூசியமும் நினைவுத் தூண்களும் நிற்கின்றன. நீடாமங்கலத்துக்காரனான நான் அத்தகையதொரு சின்னத்தைக் காணக் கப்பலேற வேண்டியிருக்கவில்லை. விழுப்புரத்தில் பஸ் மாறி, வில்லியனூரை அடுத்த கீழூருக்குப் போனதே போதுமாயிருந்தது.

அந்தப் பாதையே ஒரு பாடம். மதகடிப்பட்டில் புதுவைக்குள் நுழைகிற பஸ், கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, அரியூரில் மறுபடியும் புதுவைக்குள் புகுகிறது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்துவதுமில்லை, தூங்குகிறவர் விழிப்பதுமில்லை. சாலையோரத்து மதுக்கடைகளின் நெருக்கத்தைக் கொண்டுதான் இது யாருடைய எல்லை என்று ஊகிக்க வேண்டும். ஆனால், புதுவையும் காரைக்காலும் அடங்கிய பிரெஞ்சு இந்தியாவோடு இருந்த சுங்க உடன்பாட்டை 1949ல் இந்திய சர்க்கார் முடித்துக்கொண்ட பிறகு, இதே எல்லைகளில் மூட்டை முடிச்சுகளை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்திலும் அதே கதைதான்: கும்பகோணத்தைக் கடந்து வரும் அரசலாற்றுத் தண்ணீர் யாரையும் கேளாமல் காரைக்காலுக்குள் போயிற்று, அதன் கரையில் விளைந்த நெல்லுக்கு அந்தச் சலுகை இல்லை.

1954ஆம் வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் கூடிய பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில், 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தும் 8 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டபூர்வமான மாற்றத்துக்கோ 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க நேர்ந்தது. ஸ்தூபியின் முன் நின்றபோது என் சிந்தனை அந்த 8லேயே தங்கிற்று. எதிர்த்த குரலையும் எண்ணிக் குறித்துக்கொண்ட அந்த மனோபாவம், அப்பிரதேசங்களின் தனி நிர்வாக நிலை நீடிக்கும் என்றும், மக்களின் விருப்பத்தை அறியாமல் அது மாற்றப்படாது என்றும் உறுதியளித்த 1956ஆம் வருஷத்து இந்திய–பிரெஞ்சு உடன்படிக்கையிலும் தொடர்வதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆகையால் கதவு போயிற்று, கோடு போகவில்லை. காரைக்கால் போலீஸ்காரரின் தலையில் பிரெஞ்சுக்காரர் காலத்துச் சிவப்புத் தொப்பி இன்றும் இருக்கிறது. காவிரி நீரைப் பங்கிட்ட நடுவர் மன்றம் புதுச்சேரிக்கென்று 7 டி.எம்.சி. தனியே ஒதுக்கியது. காரைக்காலிலிருந்து பஸ்ஸில் நாகூருக்குத் திரும்புகையில், வாஞ்சூரில் நம் போலீசார் பைக்குள் பாட்டில் இருக்கிறதா என்று துழாவுவதுண்டு. எந்த தேசத்துப் பிரஜை என்று எவரும் வினவுவதில்லை.

ஒரே பாஷையும் ஒரே ஆறும் கொண்டு கொடுத்த உறவும் உள்ள நமக்கு இது எளிதில் வாய்த்தது. இரண்டு மகா யுத்தங்களில் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட ஐரோப்பியருக்கு அது பெரும் பிரயாசையின் பலன். வருகிறவர்களைப் பற்றிய அச்சம் தலையெடுத்ததும், 2024ல் ஜெர்மனி தன் தரை எல்லைகள் அனைத்திலும் மீண்டும் சோதனையைத் தொடங்கிவிட்டது. எல்லாரும் ஒன்று என்று முழங்குகிறவர்களைக் காட்டிலும், அடுத்த வீட்டுக்காரனின் தனித்தன்மைக்குப் பங்கம் வராதென்று எழுதிக்கொடுத்து அதன்படி நடக்கிறவர்களே கதவை நெடுநாள் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.