பேய் ஏன் பஸ்ஸில் ஏறியது?

வழக்கம்போலப் பதிவு நீளம்தான். டீச்சருக்காகக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். ஒருநாள் மதியம் டிவியில் ஏதோ பழைய ஆங்கிலப் படத்தைப் போட்டுக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். பார்த்தால் பேய்ப் படம். "பேய்ப் படத்துக்கு என்னடா சிரிப்பு?" என்றேன். "கீழே பாருங்க அம்மாச்சி" என்றான். திரையின் அடியில் தியேட்டர் நாற்காலிகளின் நிழல் தெரிந்தது. அதில் ஒரு மனிதனும் இரண்டு பொம்மை ரோபோக்களும் உட்கார்ந்து, படம் ஓட ஓடக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

நிகழ்ச்சியின் பெயர் 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000'. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து உள்ளூர் சேனல் ஒன்றில் 1988 நவம்பரில் ஜோயல் ஹாட்ஜ்சன் என்ற நகைச்சுவைக் கலைஞர் தொடங்கியது. விண்வெளியில் ஒருவனை அடைத்துவைத்து, மட்டமான படங்களைப் பார்க்கச் சொல்லிக் கொடுமைப்படுத்துகிறார்கள். அவன் துணைக்கு ரோபோக்களைச் செய்துகொள்கிறான். இதுதான் கதை. ஒரு ரோபோவின் கண்கள், டேபிள் டென்னிஸ் பந்துகளால் செய்தவை! ஆசிரியர் பயிற்சியில் தீப்பெட்டியும் தேங்காய்ச் சிரட்டையும் வைத்துத் துணைக்கருவி செய்த எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

அன்று ஓடிய படம் 'மேனோஸ்'. 1966-இல் டெக்சஸ் மாநிலத்து எல் பாசோ ஊரில், சினிமா அனுபவம் இல்லாத ஓர் உர வியாபாரி, தானே எழுதி, இயக்கி, நடித்து எடுத்தது. கையில் இருந்த கேமராவைச் சாவி கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். ஒரு தடவைக்கு 32 விநாடிக்கு மேல் ஓடாது. ஒலிப்பதிவு வசதியும் இல்லை. எடுத்து முடித்த பிறகு நாலைந்து பேர் மட்டும் உட்கார்ந்து எல்லாருக்கும் குரல் கொடுத்தார்கள். இரவுக் காட்சிகளில் விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் பறக்கின்றன. கார் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. நானும் பேரனோடு சேர்ந்து சிரித்தேன். பொய் சொல்லவில்லை.

அப்புறம் பேரன் இன்னொன்று சொன்னான். அந்த ஊரிலேயே படத்தை முதன்முதலாகத் திரையிட்டபோது கூட்டம் சிரித்ததாம். படத்தில் நடித்த ஏழு வயதுச் சிறுமியும் வந்திருந்தாள். தன் வாயிலிருந்து யாரோ பெரிய பெண்ணின் குரல் வருவதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டாளாம்.

அதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு வேறொரு பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது.

1994 என்று நினைவு. ஆறாம் வகுப்பு. 'நான் சென்ற பேருந்துப் பயணம்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்க, ஒரு பையன் மட்டும் பேய்க் கதை எழுதியிருந்தான். புளியமரத்துப் பேய் ஒன்று பஸ்ஸில் ஏறுகிறது. கண்டக்டர் டிக்கெட் கேட்க, சில்லறை இல்லாமல் அழுகிறது. நான் அதை வகுப்பில் உரக்கப் படித்தேன், பேய்க் குரலில். "பேய்தான் பறக்குமே, அதுக்கு எதுக்குடா பஸ்ஸு?" என்று கேட்டேன். வகுப்பே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். முதல் பக்கத்தோடு நோட்டை மூடி, "போய்க் கட்டுரையா எழுதிட்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் நோட்ஸிலிருந்து வரிக்கு வரி பார்த்து எழுதிக் கொண்டுவந்தான். ஒரு பிழை இல்லை. 'நன்று' போட்டேன். அதன்பின் எட்டாவது முடித்துப் போகும்வரை அவன் சொந்தமாக ஒரு வரி எழுதி நான் பார்க்கவில்லை.

அந்த நிகழ்ச்சிக்காரர்களும் கேலிதானே செய்கிறார்கள், நான் செய்ததில் என்ன தப்பு என்று மனசு வாதாடியது. பேரனிடமே கேட்டேன். "அவங்க சும்மா வாய்க்கு வந்ததைப் பேசலை அம்மாச்சி. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, உட்கார்ந்து எழுதித்தான் பேசுறாங்க" என்றான். அப்போதுதான் உறைத்தது. யாரும் பார்க்காத படத்தைப் பெயர் போடுவதிலிருந்து முடிவுவரை எழுந்து போகாமல் பார்த்தவர்கள் அவர்கள். கேலி செய்த வாய்க்கு முன்னால் பார்த்த கண் இருந்தது. 1993-இல் அவர்கள் 'மேனோஸ்' படத்தை எடுத்துப் பேசியபிறகுதான் உலகத்துக்கே அப்படி ஒரு படம் இருப்பது தெரிந்தது. பிறகு அதன் பழைய படச்சுருளைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்து 2015-இல் வெளியிட்டார்கள். அன்று அழுத சிறுமி, வளர்ந்து அந்தப் படத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

நானோ இரண்டாம் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. அவர்கள் கேலி செய்தது முன்பின் தெரியாத பெரியவர்கள் எடுத்த படத்தை. நான் செய்தது, பதில் பேச முடியாமல் என் முன்னால் நின்ற பதினொரு வயதுப் பிள்ளையை.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், எல்லாருமே பெற்றோர்கள். பிள்ளைகள் எதையாவது கோணல்மாணலாகச் செய்துகொண்டு வந்து காட்டினால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் முழுசாகப் பார்த்துவிட்டு, அவர்களும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி சிரியுங்கள்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. உனக்கும் இப்போது நாற்பது தாண்டியிருக்கும். இதைப் படித்தால் உனக்குத் தெரியும், உன்னைத்தான் சொல்கிறேன் என்று. டீச்சர் செய்தது தப்புப்பா. மன்னித்துக்கொள்.

மனமிருந்தால் ஒன்று மட்டும் சொல். அந்தப் பேய் எந்த ஊருக்குப் போகப் பஸ் ஏறியது? டிக்கெட் கிடைத்ததா? இந்தத் தடவை முடிவுவரை கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்