மரத்துக்குப் பிடித்த சொறி

எனக்கு அப்போது வயது எட்டிருக்கும். பத்தாங் பெர்ஜுந்தை என்று அந்நாளில் வழங்கிய பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தோட்டமொன்றில் என் தாயார் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்க நானும் உடன் செல்வேன். உளி படாத பட்டையில் சாம்பல் நிறத் திட்டுகள் வட்ட வட்டமாகப் படர்ந்திருக்கும். “மரத்துக்குச் சொறி பிடித்திருக்கிறது, அம்மா!” என்று சொல்லி, தேங்காய் ஓட்டினால் ஒரு மரத்தையே சுரண்டித் தூய்மை செய்துவிட்டேன். அம்மா சிரித்தாரே தவிரத் தடுக்கவில்லை. அவருக்கு அது வெறும் பாசி.

அது சொறியுமன்று, தனிப் பாசியுமன்று என்பதை நான் ஆசிரியரான பின்னரே கற்றேன். லைக்கன் என்பது அதன் பெயர். காளான் இனமொன்றும் பாசி இனமொன்றும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடும்பம் அது. காளான் வீடு கட்டும். பாசி வெயிலைக்கொண்டு உணவாக்கும். மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. பட்டை அதற்குத் திண்ணை மட்டுமே. 1867-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் ஷ்வெண்டெனர் இவ்வுண்மையை வெளியிட்டபோது, லைக்கன் வல்லுநர் பலரே ஏற்க மறுத்தனர். அவ்வாறிருக்க, என் தாயாரைக் குறைகூற மனம் வரவில்லை. அவர் இறைச்சி மசாலைக்கு வறுத்தரைத்த கல்பாசியும் ஒரு லைக்கனே!

இவற்றை இனம் பிரித்தறிவது எளிதன்று. உருப்பெருக்கிக் கண்ணாடியால் விளிம்பையும் அடிப்புறத்தையும் நோக்க வேண்டும். கல்பாசிக்கு மேற்புறம் சாம்பல், அடிப்புறம் கருமை. சிலவற்றின்மீது காரநீர் ஒரு துளி விட்டால் நிறம் மாறும்.

கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவுக் காடுகளில் எரியோதெர்மா பெடிசெலாட்டும் என்னும் அரிய லைக்கன் உண்டு. அதன் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு, வெண்மையான அடிப்புறத்தைக் காட்டும், அதுவே அடையாளம். சுவீடன் காடுகளில் அது மறைந்துபோயிற்று. 2003-இல் உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் பெயர் ஏறியது. முதிய மரங்களை வெட்டுவதும் காற்று மாசடைவதும் அதற்குப் பகை. போதாக்குறைக்கு, 1904-இல் அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட மூஸ் மான்களின் வழிவந்தவை, அது குடியிருக்கும் பால்சம் ஃபர் மரத்தின் கன்றுகளை மேய்ந்துவிடுகின்றன. பழைய மரம் சாய்ந்தால் குடிபுக வேறு வீடில்லை.

அதைப் படித்தபோது எங்கள் தோட்டமே என் கண்முன் நின்றது. பால்மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை வந்தது; நாங்களும் லயத்தைக் காலி செய்தோம். நான் சுரண்டியது எந்த இனமோ, இனி யார் சொல்ல இயலும்?

எங்கள் பள்ளியின் பின்வேலியோரம் கிழட்டுப் பால்மரம் ஒன்று எஞ்சி நிற்கிறது. சென்ற மாதம் நான்காம் ஆண்டு மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றேன். ஏழு வகைத் திட்டுகளைக் கண்டு, படம் வரைந்தனர். ஒரு சிறுவன் மட்டும் ஓடிப்போய் ஒரு குச்சி கொண்டுவந்தான். நான் என் தேங்காய் ஓட்டுக் கதையைச் சொன்னேன். அவன் குச்சியை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.